பெயர் சொல்ல ஓர் ஆள் தேவை

கோவில்பட்டி,
17-6-1961, சனி.

மகாகனம் பொருந்திய மாமா சௌந்தரபாண்டியன் அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் குருசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் தங்கள் மகள் அழகுத்தாய் உள்ளிட்ட யாவரும் நலம். இடைசெவலில் தங்கள் நலமும் மழை நிலவரமும் அறிய ஆவல். 1907இல் பிறந்த தங்களை, 1893இல் பிறந்த யான் மாமா என்றழைப்பதில் இன்றுவரை குறை வைத்ததில்லை. ஆகவே இவ்விண்ணப்பத்தைத் தாங்கள் தட்டலாகாது.

சென்ற புதன்கிழமை, 14ஆம் தேதி, தங்கள் பேரனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துச் சென்றேன். தலைமையாசிரியர் இளைஞர். "பேரனக் கூட்டிட்டு வந்தீயளாக்கும்? இவன் அப்பாவ வரச் சொல்லுங்க தாத்தா" என்றார். என் பாட்டனார் பிறந்தது 1786, தகப்பனார் 1839, யான் 1893, என் மகனாகிய இவன் 1956 ஜனவரி 9 என்றும், எங்கள் வம்சத்தில் ஐம்பதுக்கு முன் எவரும் பிள்ளை பெற்றதில்லை என்றும் விளக்கினேன். அவர் சற்று நேரம் பேனாவை மூடி வைத்திருந்துவிட்டு, "சரி, பையன் பேரச் சொல்லுங்க" என்றார். "எங்க ஐயா பேரு" என்றேன். "ஒங்க ஐயா பேரு எனக்கெதுக்கு? பையன் பேரு?" "அதான் எங்க ஐயா பேரு." பெற்ற தகப்பன் பெயரை மகன் வாயால் சொல்வது எங்ஙனம், மாமா? எழுதிக் கொடுத்தேன்; முன்னால் 'உயர்திரு'வும் பின்னால் 'அவர்க'ளும் இல்லாமல் கை ஓடவில்லை. அதைப் படித்துவிட்டு, "இவிய பெரிய ஆளா இருப்பாவ போலிருக்கே, இவியளே வந்து கையெழுத்துப் போடட்டும்" என்கிறார். வேறு வழியின்றிப் பையனிடம், "ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றேன். "எம்பேரு ஐயா" என்றான் அவன். வீட்டில் அப்படித்தானே அழைக்கிறோம்? தங்கள் மகளும் மாமனார் பெயரை உச்சரிக்கமாட்டாளே.

வருகிற 24ஆம் தேதியோடு சேர்க்கை முடிகிறது. தவறினால் ஓராண்டு போகும். அவன் பதினொன்றாம் வகுப்பு முடிக்கையில் எனக்கு எழுபத்தொன்பது. அதுவரை எப்படியும் இருந்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். எண்பதுக்கு என்னால் உறுதி சொல்ல இயலாது. எனவே, எங்கள் ஐயாவுக்குச் சம்பந்தி முறையாதலால் அப்பெயரைக் கூசாமல் சொல்லக்கூடிய ஒரே ஆளாகிய தாங்கள், 22ஆம் தேதி முதல் பஸ்ஸில் புறப்பட்டு வரவேண்டியது.

உறவுமுறைப்படி என் வணக்கமும், வயதின்படி என் ஆசியும்.

இங்ஙனம்,
தங்கள் மருமகன்,
குருசாமி.

பி.கு. (19-6-1961, திங்கள்): ஞாயிறன்று தபால் எடுக்காததால் கடிதம் கையிலேயே தங்கிவிட்டது. தாங்கள் வரவேண்டியதில்லை. இன்று காலை அழகுத்தாய், "குத்தம் வந்தா எனக்கு வரட்டும், பிள்ள படிக்கணும்" என்று பையனை இழுத்துக்கொண்டு போய், பெயரைச் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அத்தோடு விட்டாளா? மத்தியானம் வாசலில் நின்று, "ஏலே வெயிலுமுத்து, சோறு திங்க வாலே" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாள். அவள் வாக்கை அப்படியே எழுதியிருக்கிறேன். குற்றம் அவளையே சேரும். யான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.