காயாத மை

பேனா பிடிக்கிற அத்தனை பேரும் எழுதின கையோடு காய்கிற மையைத்தான் தேடுவார்கள். காயவே காயாத மை எங்கே கிடைக்கும் என்று தேனி மாவட்டம் முழுக்க விசாரித்துத் திரிந்த ஒரே மனிதர் எங்கள் பட்டைநிப்பு. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஏனென்றால் அந்த மையைக் கடைசியில் கலந்து கொடுத்தவன் நான்தான்.

சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் அலுவலக எழுத்தர், நான் வேதியியல் ஆய்வக உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவருக்கு இருந்தது. பேனா முனை கூர்மையாக இருந்தால் தொடமாட்டார். உளி மாதிரி பட்டையாக வெட்டிய நிப்புதான் வேண்டும். அதில் இட்டாலிக் என்பது ஒன்று, ஸ்டப் என்பது வேறொன்று என்று அரைமணி நேரம் வகுப்பெடுப்பார். எங்களுக்கு எல்லாமே பட்டைதான். மேலிருந்து கீழே இழுத்தால் கோடு தடிமனாக விழும், பக்கவாட்டில் இழுத்தால் மெலிசாக விழும். அவர் எழுதிய மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கப்பட்டவன்கூட அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசிப்பான்.

தினமும் மூன்றாவது பீரியடில் பேனா கழுவ ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்.

"அண்ணே, இந்த டிஸ்டில்ட் வாட்டர் பிள்ளைக பிராக்டிகலுக்கு வச்சிருக்கது."

"பிள்ளைகளுக்குக் குழாத் தண்ணி போதும் தம்பி. நிப்புக்கு ஆகாது. இங்கன வர்ற தண்ணி பூராம் உப்பு."

என்னுடைய ஜன்னலோரம் அவருடைய குப்பிகள் வரிசையாகக் குடியேறின. நாலைந்து மைகளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அவரே பெயரும் வைப்பார். ஊதாவுக்குப் பன்னீர் திராட்சை. பச்சைக்கு ஏலக்காய். சாம்பல் நீலத்துக்கு மேகமலை. ஆரஞ்சுக்கு அக்கினி நட்சத்திரம். ஒரு முறை இரண்டு மை ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாமல் குப்பிக்குள் தயிராகத் திரிந்துவிட்டது. பட்டைநிப்பு அன்று மதியம் சாப்பிடவில்லை.

சரியான கிறுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, பேனாவில் மை ஏற்ற அவர் கேட்டிருந்த சிரிஞ்சைக் கொடுக்க வீட்டுக்குப் போகும்வரைக்கும். வாசலில் நின்று "அண்ணே" என்றேன். எதிரிலேயே அவர் மனைவி, எனக்கு மதினி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன், ம்ஹூம். உள்ளேயிருந்து வந்த பட்டைநிப்பு என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒரு அட்டையில் பச்சை மையால் விறுவிறுவென எழுதி மதினி முன்னால் நீட்டினார். மதினி அதை வாசிக்கக்கூட இல்லை, பச்சையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"யாரு வந்திருக்காக? அட, வாங்க தம்பி. எனக்குக் காது கேக்காது, தப்பா நினைக்காதீக. காப்பி குடிப்பீகள்ல?"

கல்யாணமாகி மூன்றாம் வருடம் வந்த ஒரு காய்ச்சல் மதினியின் காதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மதினி பேசுவார், பட்டைநிப்பு எழுதுவார். பச்சை என்றால் ஆள் வருகிறது. திராட்சை என்றால் அன்றாட விஷயம், ஊர்க்கதை. ஆரஞ்சு என்றால் கோபம். மேகமலை என்றால் மன்னிப்பு. மாதாமாதம் முதலில் காலியாவது மேகமலைக் குப்பிதான்.

"சண்டை வந்தா நான் நாலு வார்த்தை கேட்டுப்புடுவேன் தம்பி," என்று மதினி சிரித்தார். "இவக ஆரஞ்சைத் தேடி எடுத்து, அழகா எழுதி, ஊதிக் காயவச்சுக் கொண்டு வர்றதுக்குள்ள எனக்குக் கோவம் போயிரும். அப்புறம் அந்த எழுத்தை வச்சுத்தேன் பாத்துக்கிட்டு இருப்பேன்."

பட்டைநிப்புக்கு இந்தக் கணக்கு எங்கே போனாலும் கூடவே வந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வு அதிகாரி வந்தார். பார்வையாளர் பதிவேட்டில் அவர் வந்த விவரத்தை இவர் பச்சையில் எழுதி வைத்திருந்தார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பச்சை மையில எழுத நீங்க யாரு? கெசட்டட் ஆபீசரா?"

"ஆள் வந்தா பச்சைதேன் சார். நீங்க வந்திருக்கீகள்ல."

மெமோ வந்தது. விளக்கம் எழுதி அனுப்பினார். அந்த விளக்கம் முழுக்க ஆரஞ்சில் இருந்தது. ஆரஞ்சுக்கு என்ன அர்த்தம் என்பது மதினியையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாமல் போனது தலைமையாசிரியர் செய்த புண்ணியம்.

அதற்குப் பிறகு மதினிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. மதுரைக்கு மாதம் ஒரு தடவை போனார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். "டாக்டர் பாத்தாக தம்பி. இருக்கத காப்பாத்தலாம், போனது போனதுதேன்னு சொல்லிட்டாக" என்றார் பட்டைநிப்பு. அன்றைக்குப் பேனா கழுவ மறந்துபோனார்.

அப்புறம் அவருடைய நிப்பு அகலமாகிக்கொண்டே போனது. கொரியரில் வந்ததிலேயே அகலமான நிப்பும் பத்தாமல் போக, தகரத்தை வெட்டி மடித்து, அரை விரல் அகலத்துக்கு அவரே ஒன்று செய்தார். அது பேனாவில் ஏறாது, குப்பியில் முக்கி முக்கி எழுத வேண்டும். நிப்பு அகலமாக ஆக, அட்டையில் இடம் சுருங்கியது. முன்பு பத்து வரி எழுதினவர் நாலு வரி எழுதினார். பிறகு இரண்டு வார்த்தை, பிறகு ஒரே வார்த்தை. ஊர்க்கதை எல்லாம் நின்றுபோனது. ஒரு வார்த்தையில் சொல்ல எதைத் தேர்ந்தெடுப்பது என்று, டைப் அடிக்கும்போதுகூட உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பார்.

நாங்கள் சும்மா இருப்போமா, ஆளுக்கொரு யோசனை சொன்னோம். மார்க்கரில் எழுதலாமே என்றேன்.

"எழுதிப் பாத்துட்டேன். அதுல எல்லாக் கோடும் ஒரே தடிமன். அவளுக்கு எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தெரியுது. பட்டையில எழுதினா நிக்கிற கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசிச்சுருவா."

செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டலாமே என்றார் தலைமையாசிரியர். காட்டியிருக்கிறார். மதினி பார்த்துவிட்டு, "இது யாரு எழுதினது?" என்று கேட்டாராம். அதோடு செல்போனை உள்ளே வைத்துவிட்டார்.

அத்தனை மையைத் தாங்குகிற அட்டைதான் பெரிய பாடாக இருந்தது. சாதாரணத் தாளில் மை பரவி எழுத்தே கரைந்துவிடும். எங்கள் ஊர் மண்டிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து பத்திரிகை வைத்தார். பட்டைநிப்பு அதை வாங்கி, மணமக்கள் பெயரைக்கூடப் பார்க்காமல், பின்பக்க ஓரத்தை நக்கினார். நாக்கு ஒட்டினால் மை பரவும், ஒட்டாவிட்டால் நல்ல அட்டை, அதுதான் அவருடைய சோதனை.

"காயிதம் அருமையா இருக்கு. இன்னும் அம்பது குடுங்க" என்றார்.

மண்டிக்காரர் அரண்டுபோனார். "அம்பது வீட்டு ஆளுகளையா கூட்டிட்டு வரப் போறீக?"

நான்தான் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் முடிந்த மறுநாள் மிச்சமிருந்த பத்திரிகை முழுவதையும் இரண்டு பையில் கட்டி அனுப்பிவிட்டார்.

அதில் பாதி அட்டைகூடத் தீரவில்லை. ஒரு வாரம் லீவு போட்டிருந்த பட்டைநிப்பு, ஒரு திங்கட்கிழமை வெறுங்கையோடு ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஒரு வாரமாச்சு தம்பி, கண்ணு சுத்தமா போச்சு. பகலு ராத்திரி தெரியல அவளுக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு ஒரு பீக்கரைக் கழுவிக்கொண்டு நின்றேன். அவர்தான் மேலே பேசினார்.

"மறுநாளு காலையில பழக்கதோசத்துல 'வா'ன்னு எழுதி நீட்டிட்டேன். வாங்கித் தடவினா. கோடு ஈரமா, சில்லுனு இருந்திருக்கு போல. விரலை விட்டு இழுத்துப் பாத்துட்டு, 'எங்க வரணும்?'னு கேட்டா." மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா நம்ம ஊர்க் காத்துக்குச் சட்டுனு காஞ்சுபோகுது தம்பி. பாதி எழுத்துல நின்னுருறா. எனக்குக் காயாத இங்க் வேணும். கம்பம், போடி எல்லாம் கேட்டுட்டேன், சிரிக்கிறாங்க."

அலமாரியிலிருந்து கிளிசரின் பாட்டிலை எடுத்தேன். திராட்சை மையில் சொட்டுச் சொட்டாக விட்டு, கோடு இழுத்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி விட்டு, இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டோம். நாலாவது பீரியடில் ஆரம்பித்தது பள்ளிக்கூடம் விடுகிற மணியில் முடிந்தது. விரலால் தொட்டால் இன்னும் ஈரம். பட்டைநிப்பு அந்த ஊதா விரலை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து. ஒரு எழுத்தை வாசித்து முடித்ததும் அடுத்த அட்டை. ஒன்றரை வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மதினியின் வலது ஆள்காட்டி விரல் எந்நேரமும் ஊதாவாகவே இருந்தது.

போன தை மாதம் மதினி இறந்துபோனார். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டும்போது, ஒரு அம்மா அந்த விரலைச் சீயக்காய் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். கறை போகலையே என்று அங்கலாய்த்திருக்கிறார். துணி மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த பட்டைநிப்புக்கு அந்தப் பேச்சு கேட்டுவிட்டது.

"விட்டுரு ஆத்தா. அது இருக்கட்டும்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, ஏதோ அலுவலக விஷயம் சொல்கிற மாதிரி சொன்னார். "காப்பி குடிக்கிறியான்னு கேக்கத்தேன் எழுதினேன் தம்பி. 'கா' வாசிச்சா. அடுத்த எழுத்துக்கு மை முக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள போயிட்டா."

காரியம் முடிந்ததும் பேனாக்கள், குப்பிகள், தகர நிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் ஆய்வகத்தில் வைத்துவிட்டு, ஜெயமங்கலத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போன் பண்ணினால் "ம், ம்" என்பார், வைத்துவிடுவார். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் எழுதிய மனிதருக்குப் பதிலுக்கு யாரும் ஒரு வரி எழுதியது கிடையாது. மதினிக்குத்தான் வாய் இருந்ததே, எல்லாப் பதிலும் வாயால்தான். அந்தச் சத்தம் நின்றுபோன பிறகு போனில் என் குரலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பையிலிருந்து ஒரு பட்டை நிப்பை எடுத்துத் திராட்சையில் முழுசாக ஒரு பக்கம் ஊர்க்கதை எழுதினேன். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனது, திராட்சை விலை இல்லாமல் கொடியிலேயே கிடப்பது, டிஸ்டில்ட் வாட்டர் இப்போதெல்லாம் மிச்சமாவது. தபாலில் போட்டேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"காயிதம் வந்துச்சு. நிப்பைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கீக. பாதி எழுத்துக்கு ஒரு பக்கம் விழவே இல்ல. கண்றாவியா இருக்கு."

"சரிண்ணே."

வழக்கம்போல வைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னொண்ணு எழுதுங்க தம்பி" என்றார்.

அன்றைக்கே எழுதினேன். பக்கம் முழுக்க ஒரே ஒரு வரிதான், நிப்பை நேராகப் பிடித்து, பச்சையில்.