தொண்ணூற்றொரு கிலோ வித்தியாசம்

அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் நீயே நாலு முறை போன் செய்திருப்பாய். போனிலேயே சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இந்த வசதிக்காகவே தபால் துறை நீடூழி வாழட்டும்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். என் எடை தொண்ணூற்றொரு கிலோ. கட்டிய மனைவியிடமே எழுபத்தெட்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். குளியலறை எடைக்கருவியில் ஏறும்போதெல்லாம் துண்டு போடும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். மீதிக் கிலோக்களை அந்தக் கம்பிதான் முகம் சுளிக்காமல் சுமந்துவந்தது. இந்த ரகசியம் போன வாரம் பட்டப்பகலில், முதலாளி முன்னிலையில், வேலை பார்க்கிற அத்தனை பேரும் கூடி நிற்க, சந்தி சிரித்துவிட்டது. சிரிக்க வைத்தது நம் மாப்பிள்ளை விற்ற ஒரு மீட்டர்.

ஆமாம், நம் தங்கையின் வீட்டுக்காரர்தான். கல்யாணத்தன்று நீ கேட்ட பத்துக் கேள்விக்கு ஒரே ஒரு தலையாட்டலில் பதில் சொன்னார் என்று நீ மௌனசாமி என்று பெயர் வைத்தாயே, அவரேதான். அவர் விற்பனை வேலையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு நீ போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “வாயைத் தொறக்காதவன் என்னத்தடா விப்பான்? இதுவும் போச்சுன்னா பேசாம ரெண்டு பேரையும் இங்க அனுப்பிடு. அத்தான் கடையில உக்காந்து ஆணியும் கீலும் நிறுத்துக் குடுக்கட்டும்.” அன்றிலிருந்து தங்கைக்குத் தூக்கம் போயிற்று. அத்தான் கடைமேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைக்கு மேல் மாடியில் நீ குடியிருக்கிறாய் என்பதுதான் கவலை. இதை அவள் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். கோபம் வந்தால் என்மேல் வை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் கை கழுவும் திரவ சோப்பை மொத்தமாகக் காய்ச்சி, ஆயிரம் கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் நிரப்பி, மற்ற கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம் என்பது உனக்குத் தெரியும். அனுப்பும் பிரிவுக்கு நான்தான் தலைவன். குழாயில் இருந்த பழைய மீட்டருக்குள் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். சோப்போ தேன் மாதிரி கெட்டி. சக்கரம் வாரத்துக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும்; ஃபிட்டர் வந்து திட்டிக்கொண்டே கழற்றிக் கழுவுவார். சிக்காத நாட்களில் வேறொரு தொல்லை. அது லிட்டர் கணக்கு பார்க்கிற மீட்டர். நாங்கள் விற்பது கிலோ கணக்கில். வெயில் ஏறினால் சோப்பு வீங்கும், குளிர்ந்தால் சுருங்கும். காலையில் ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கு.

இந்தப் புலம்பலை நான் ஒருநாள் தங்கை வீட்டில் பாட, மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய் ஒரு விளம்பரத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “இது கிலோவே காட்டும், மச்சான்,” என்றார். விற்பனைப் பேச்சு அவ்வளவுதான். மீதிப் பேச்சையெல்லாம் பேசியது உன் தம்பிதான். அந்தத் தாளை மனப்பாடம் செய்து முதலாளியிடம் ஒப்பித்தேன். கோரியாலிஸ் மீட்டர் என்று பெயர், அந்தக் காலத்து விஞ்ஞானி ஒருவரின் ஞாபகமாக. உள்ளே சக்கரம், பல், இறக்கை என்று சுழலுகிற சாமான் எதுவும் கிடையாது. கொண்டை ஊசி மாதிரி வளைந்த இரண்டு குழாய்கள் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். திரவம் ஓடும்போது அது நுழைகிற பக்கம் துடிப்பில் கொஞ்சம் பின்தங்கும், வெளியேறுகிற பக்கம் கொஞ்சம் முந்தும். விருந்தாளி மாதிரி என்று வைத்துக்கொள். வரும்போது வாசலில் தயங்குவான், சாப்பிட்டு முடிந்ததும் கிளம்ப அவசரப்படுவான். தயக்கத்துக்கும் அவசரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்தே எத்தனை கிலோ போயிற்று என்று அந்த மீட்டர் சொல்லிவிடும். வெயிலானால் என்ன, குளிரானால் என்ன, கிலோ கிலோதான். கூடவே திரவத்தின் அடர்த்தியும் சூடும் இலவசம். மற்ற மீட்டர்களுக்கு முன்னும் பின்னும் நீளமாக நேர்க்குழாய் வேண்டுமாம். இதற்கு அந்தப் பிடிவாதமும் இல்லை. எங்கள் பம்பு அறையில் நேராக நிற்க மனிதனுக்கே இடம் கிடையாது, குழாய்க்கு எங்கே போவது. பால், பெயிண்ட், சாக்லேட், சமையல் எண்ணெய், லாரியில் ஏற்றுகிற பெட்ரோல் வரை எல்லாவற்றையும் இதுதான் அளக்கிறது என்று நான் அளந்தேன். முதலாளி கடைசியில், “வச்சுப் பாப்போம். தராசோட ஒத்துப்போனா வாங்கறேன், இல்லன்னா அவரே கழட்டிட்டுப் போகட்டும்,” என்றார். மாப்பிள்ளையின் கம்பெனியும் அதையேதான் சொல்லியிருந்தது, இன்னும் சுருக்கமாக: இந்த மீட்டர் தேறினால்தான் அவர் வேலையும் தேறும்.

சோதனை நாள் வந்தது. நிரப்பும் இடத்தில் தரையோடு தரையாகப் பதித்த ஒரு எடைமேடை உண்டு. யாரோ வாடிக்கையாளர் வருகிறார் என்று அதற்கு முந்தின வாரம்தான் மேடை, தரை, தடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பெயிண்டை அடித்துவிட்டார்கள். மேடை எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று அதைக் கட்டியவனே வந்தாலும் சொல்ல முடியாது. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், நான் முழு முட்டாள் இல்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். முக்கால் முட்டாள் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

காலித் தொட்டியை ஃபோர்க்லிஃப்ட்டில் கொண்டுவந்து மேடைமேல் வைத்தவர் பைலட். ஃபோர்க்லிஃப்ட்டை விமானம் மாதிரி ஓட்டுவதால் அவருக்கு அந்தப் பெயர். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். மீட்டரில் ஆயிரம் கிலோ என்று வைத்தாயிற்று. ஆயிரம் போனதும் அதுவே வால்வை மூடிவிடும். சோப்பு ஓட ஆரம்பித்தது. நுரை கட்டுகிறதா என்று பார்க்க நான் வழக்கம்போலத் தொட்டியை ஒட்டிப் போய் நின்றேன். மாப்பிள்ளை என்னிடம் வந்து, “மச்சான், நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்களேன்,” என்றார்.

“நல்ல கதை மாப்பிள்ளை. உங்க வேலையே ஊசலாடுது, நான் டீ குடிக்கவா?”

அவர் நகர்ந்துவிட்டார். வால்வு மூடியது. மீட்டர் ஆயிரம் என்றது. தராசு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்று என்றது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “தொட்டிக்குத் தொண்ணூறு கிலோ தானம் பண்ணச் சொல்றீங்களா?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், “முதல் தடவை சார், குழாயில காத்து இருந்திருக்கும்,” என்று நான் பாய்ந்தேன்.

இரண்டாவது தொட்டி வைக்கும்போது தங்கையிடமிருந்து போன். பம்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வெளியே போனேன். “என்னண்ணா ஆச்சு?” என்றாள். “எல்லாம் நல்லா போகுது, நான் இருக்கேன்ல,” என்றேன். “நீ இருக்கியேன்னுதாண்ணா கவலை,” என்றாள். பெரியவர்களை எதிர்த்துப் பேச அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். திரும்பி வந்தால் எல்லோர் முகத்திலும் பல். மீட்டர் ஆயிரம், தராசும் ஆயிரம். எனக்கு வந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முதலாளி மட்டும் சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டு, “ஒரு தடவை சரியா வர்றது பெரிசில்ல. இன்னொண்ணு,” என்றார்.

மூன்றாவது தொட்டிக்கு நான் விடுவேனா? இரண்டாவதை நேரில் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் வேறு. தொட்டிக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றேன். மாப்பிள்ளை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தூரமாகப் போட்டு, “இங்க உக்காருங்க மச்சான், கால் வலிக்கும்,” என்றார். “காலா முக்கியம்?” என்றேன். தராசு மறுபடியும் தொண்ணூற்றொரு கிலோ கூடுதல் காட்டியது.

“நுரைதான் சார் காரணம், சோப்புன்னா நுரைக்கத்தானே செய்யும்,” என்று முதலாளியிடம் வழக்காடினேன். மாப்பிள்ளை என் தோளுக்கு மேல் எக்கி மீட்டரைப் பார்த்துவிட்டு, “நுரை இல்ல மச்சான். காத்து கலந்தா அடர்த்தி எறங்கும். எறங்கல,” என்று தனக்குச் சாதகமான ஒரே சாக்கையும் தன் வாயாலேயே கெடுத்தார். அக்கா, இப்படி ஒரு விற்பனையாளரை நீ கண்டதுண்டா?

நான்காவது தொட்டிக்கு, தனியாக நின்றது போதாதென்று பைலட்டையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டேன், சாட்சிக்கு. “மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நில்லுங்களேன்,” என்று மாப்பிள்ளை கெஞ்சாத குறையாகக் கேட்டார். “நான் அசையவே மாட்டேன் மாப்பிள்ளை, தைரியமா இருங்க,” என்றேன். இந்தத் தடவை வித்தியாசம் நூற்று அறுபது கிலோவைத் தாண்டியது.

முதலாளி யாரையும் திட்டவில்லை. அவர் திட்டினால் பரவாயில்லை, திட்டாவிட்டால்தான் ஆபத்து. “மீட்டரைக் கழட்டிடுங்க,” என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு ஸ்பேனரைத் தேடக் குனிந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு உன் மாடிப்படியும், அதில் பெட்டியோடு ஏறுகிற தங்கையும்தான் தெரிந்தார்கள். “சார், தராசே தப்பா இருந்தா?” என்றேன். சத்தியமாக அது அறிவில் வந்த கேள்வி இல்லை, அழுகையில் வந்தது.

முதலாளி ஒரு நொடி யோசித்தார். பைலட்டிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். வெறும் மேடை, நின்ற இடத்திலேயே நான். பொத்தானை அழுத்தினார். திரையில் பூஜ்யம். “பாருங்க, தராசு ஒழுங்காத்தான் இருக்கு. நீங்களே வந்து பாருங்க,” என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் திரை மைனஸ் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது.

“ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ தொண்ணூத்தோரு கிலோவா?” என்றார் முதலாளி. நான் பதறிப்போய், மேடையில் என்ன கோளாறு என்று பார்க்கப் பழைய இடத்துக்கே ஓடினேன். “இப்ப பூஜ்யம்,” என்று பைலட் கத்தினார். திரையைப் பார்க்கத் திரும்ப ஓடினேன். “மறுபடி மைனஸ்.” இப்படி நான் இரண்டு மூன்று தடவை தொண்ணூற்றொரு கிலோவையும் தூக்கிக்கொண்டு ஓடியபிறகுதான் முதலாளி கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, ஒருவித மரியாதை. “அங்கேயே நில்லுங்க. இப்ப எறங்குங்க. ஏறுங்க. சரி, போதும். மீட்டர் இருக்கட்டும். இனிமே நிரப்புறப்ப இவரை மேடைப் பக்கம் விடாதீங்க.”

அடித்த சிரிப்பில் மேற்கூரைத் தகரமே அதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் எனக்குத் தொண்ணூத்தொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். முதலாளி மறுநாளே இரண்டாவது குழாய்க்கும் அதே மீட்டர் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் வேலை உறுதியாகிவிட்டது. தங்கை போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

இதற்குத்தான் அக்கா இத்தனை நீளக் கடிதம். அன்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். டீ குடிக்கப் போகச் சொன்னாரே, நாற்காலி போட்டாரே, இந்தப் பக்கம் வாங்க என்றாரே, அத்தனையும் எதற்கு? முதல் தொட்டியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “உங்க எடைதான் மச்சான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். பெண்டாட்டியின் அண்ணனை நாலு பேர் முன்னால் குண்டன் என்று சொல்லக் கூடாது என்று ஸ்பேனரைத் தேடக் குனிந்தாரே, அந்த மனசு யாருக்கு வரும்? என் மனைவியும் கேட்டுவிட்டு, “மனுஷன்னா அவர். நீங்களும் இருக்கீங்களே, எழுபத்தெட்டாம் எழுபத்தெட்டு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆகையால் கடைக்கு வரச் சொல்லும் பேச்சை இத்தோடு விட்டுவிடு. மௌனசாமி என்ற பெயரையும் வாபஸ் வாங்கு. பேசத் தெரியாதவர் இல்லை அக்கா, எங்கே பேசக் கூடாது என்று தெரிந்தவர். நம் குடும்பத்தில் அப்படி ஒருவர் வந்து சேர்ந்தது நாம் செய்த பாக்கியம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படியும் நீயும் சமாதானமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உன் தம்பி

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் மாப்பிள்ளையும் தங்கையும் சாப்பிட வந்தார்கள். மேலே எழுதியதை அவரிடம் வரி விடாமல் படித்துக் காட்டி, என்னைக் காப்பாற்ற நினைத்தீர்களே என்று தழுதழுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடைல நின்னீங்கன்னு எனக்கும் அப்புறம்தான் மச்சான் தெரியும். நீங்க மீட்டரை மறைச்சிக்கிட்டு நின்னீங்க. நம்பரே தெரியல,” என்றார்.