முந்நூற்று ஐந்தில் நெட் வரவில்லை

"வட்டம் சுத்துதும்மா. சுத்திக்கிட்டே இருக்கு. பத்து நிமிஷமா சுத்துது!"

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஹோட்டல் அறைத் தொலைபேசியில் கத்தினார்.

"பாஸ்வேர்டு சரியா போட்டீங்களா சார்?" என்று கீழே ரிசப்ஷனில் இருந்த பெண் கேட்டாள்.

"நீங்க குடுத்த சீட்டுல இருக்கிறதைத்தான் போட்டேன். ஒரு தடவை இல்ல, ஒன்பது தடவை."

"எங்க நெட் ஆள் வெளியில போயிருக்கார் சார். வந்துடுவார்."

இந்த 'வந்துடுவார்' இன்ஸ்பெக்டருக்குப் பழகிய சொல். அவர் சோதனைக்குப் போகிற கட்டடங்களில் எல்லாம் மெக்கானிக்குகள் வருஷக்கணக்காக வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, மணி மூன்று பத்து. ஐந்து மணிக்கு ஆபீஸ் சிஸ்டம் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குள் பதினான்கு லிஃப்டுகளின் ரிப்போர்ட்டும் எண்பத்து நான்கு படங்களும் ஏற வேண்டும். ஏறினால் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, காலையில் வீடு. ஏறாவிட்டால் திங்கட்கிழமை வரை இதே ஊர், இதே அறை. ரிப்போர்ட் ஏறாமல் இன்ஸ்பெக்டர் ஊரைவிட்டு நகரக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். முன்பு ஒரு புண்ணியவான் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே பதினெட்டு லிஃப்டுகளைச் சோதித்து முடித்தார். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு எட்டு வயது. ஆறாவது பிறந்தநாளுக்கும் ஏழாவது பிறந்தநாளுக்கும் இவர் இதே மாதிரி ஏதோ ஒரு அறையில் இருந்தார். இந்தத் தடவை எப்படியும் வந்துவிடுவதாக மனைவியிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

வெளியூர் வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. இந்தப் பதினேழு நாளில் அவரிடம் அதிகம் பேசியவள் லிஃப்டுக்குள் இருந்து "கதவு மூடுகிறது" என்று சொல்லும் பெண்தான். ஒருநாள் யாரும் இல்லாதபோது அவளுக்கு "சரிம்மா" என்று பதில்கூடச் சொல்லியிருந்தார். அன்று அவருக்கே தன்னை நினைத்துப் பாவமாக இருந்தது.

அறை புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்தே போட்டிருந்தார். போனை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அறுபத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர், கையில் ஒரு முழ நீளத்துக்கு நெட் வயர். காலில் மட்டும் ஹோட்டலின் வெள்ளைத் துணிச் செருப்பு.

"நெட் வரலையா?" என்றார் பெரியவர்.

"வாங்க வாங்க! வெளியில போயிருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

"இப்பத்தான் வந்தேன். நீங்க பேசினது காதுல விழுந்துச்சு."

லிஃப்ட் வந்து நின்ற சத்தமே கேட்கவில்லையே என்று இன்ஸ்பெக்டருக்கு லேசாகத் தோன்றியது. தொழில் புத்தி. கேட்காவிட்டால் என்ன, தெய்வம் படியேறி வந்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

பெரியவர் உள்ளே வந்தார். முதலில் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்.

"இங்கேயும் அதே சுவர்தானா?" என்றார் வருத்தமாக. பிறகு அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்."

சார் என்று கூப்பிடாமல் தம்பி என்கிறாரே என்று இருந்தது. ஆனால் கேட்கச் சுகமாகவும் இருந்தது.

பெரியவர் ஆஃப் செய்தார். லேப்டாப் பல நாளாக இதற்காகவே காத்திருந்தது போல ஒரு நீலத் திரையைக் காட்டியது. 'புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம். 1%.'

"ஐயோ! இது எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகும்," என்றார் பெரியவர். குரலில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. "உங்க ரூம் கெட்டில் வேலை செய்யுதா? டீ போடலாமே."

டீ போட வேண்டுமென்றால் கெட்டிலைச் செருக வேண்டும். கட்டில் பக்கம் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் லேப்டாப் சார்ஜர் இருந்தது. பெரியவர் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகியதை இன்ஸ்பெக்டர் கவனிக்கவில்லை. அவர் கப் கழுவப் போயிருந்தார்.

"இங்க வேலைக்கு வந்து ரொம்ப நாளாச்சா?" என்று கேட்டபடி வந்தார்.

"வந்து பன்னெண்டு நாளாச்சு."

"புதுசுதான். வேலை எப்படிப் போகுது?"

"என்ன வேலை தம்பி, காத்துக்கிட்டிருக்கிறதுதான் வேலை. ஒரு கையெழுத்து ஆகணும். போடுற அதிகாரி லீவுல போயிட்டார். இன்னிக்கு வருவார், நாளைக்கு வருவார்னு ஓடுது."

வேலை நிரந்தரம் ஆகிற கையெழுத்தாக இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார். இந்த வயதில் பாவம், தற்காலிக வேலை.

"உங்களுக்கு என்ன உத்தியோகம்?"

"லிஃப்ட் பார்க்கிறது. நல்லா ஓடுதா, கயிறு தேய்ஞ்சிருக்கா, பிரேக் பிடிக்குதான்னு."

"அப்ப இந்த ஹோட்டல் லிஃப்ட்?"

"நான் மாடிப்படியிலதான் ஏறி வர்றேன்."

பெரியவர் டீ புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது. தன் சிரிப்பைத் தானே கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த உற்சாகத்தில், பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் சண்டை போட்டிருந்த சம்பந்திகள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது சமாதானமாகி வந்த கதையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சொன்னார். பெரியவர் தன் மகன் சின்ன வயதில் அலமாரிக்குள் ஒளிந்து தூங்கிப்போன கதையைச் சொன்னார். அந்த மகன் இப்போது தூர தேசத்தில் இருக்கிறானாம்.

"தினமும் பேசுவீங்களா?"

"நெட் வந்தா பேசலாம்," என்றார் பெரியவர்.

நெட் ஆளுக்கே நெட் இல்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்க நினைத்தார். அதற்குள் பெரியவர் இரண்டாவது கப்புக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மணி நான்கு ஐந்து. புதுப்பித்தல் முடிந்து லேப்டாப் கண் விழித்தது. மூலையில் சிவப்பாக 9% என்று காட்டியது.

"சார்ஜ் எங்க போச்சு?" இன்ஸ்பெக்டர் பதறி எழுந்தார். சார்ஜர் வயர் தரையில் கிடந்தது.

"டீதான் குடிச்சிடுச்சு," என்றார் பெரியவர்.

இன்ஸ்பெக்டர் ஓடிப் போய்க் கெட்டிலைப் பிடுங்கினார். அவசரத்தில் தண்ணீர் பிளக்கில் சிந்தியது. படீர் என்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி எல்லாம் ஒன்றாக மூச்சை நிறுத்தின.

"கதவுகிட்ட செருகியிருக்கிற ரூம் கார்டை எடுத்துத் திரும்பப் போட்டா கரண்ட் வரும் தம்பி."

எடுத்துப் போட்டார்கள். வரவில்லை. இன்ஸ்பெக்டர் மூன்று மாடி இறங்கி ரிசப்ஷனுக்கு ஓடினார்.

"ரூம்ல கரண்ட் போச்சு!"

"எலக்ட்ரீஷியனும் நெட் ஆளோடதான் போயிருக்கார் சார். வந்துடுவார்."

நெட் ஆள் மேலேதானே இருக்கிறார் என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு நேரமில்லை. மறுபடி மூன்று மாடி ஏறினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையில், அந்தக் குரங்கும் இப்போது இருட்டில் உட்கார்ந்திருந்தது.

பெரியவர் ஒரு யோசனை வைத்திருந்தார். லிஃப்ட் பக்கத்தில் ஒரு சோபா, சுவரில் ஒரு பிளக். அந்த மாடியில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமும் அதுதான்.

"அங்க இரண்டு கோடு வரும். உங்க போன்லேர்ந்து நெட்டை லேப்டாப்புக்குக் குடுத்துடலாம். நான் அங்க நின்னுதான் பேசுவேன்."

முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. ஆனாலும் நல்ல யோசனை. இருவரும் சாமான்களைச் சுமந்துகொண்டு போனார்கள். போனை உயரத்தில் வைத்தால் சிக்னல் நன்றாக இருந்ததால் பெரியவரே அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்கு முப்பத்தைந்து. முதல் படம் ஏறியது. நான்கு நாற்பத்தைந்துக்கு முப்பது படம். பெரியவர் கையை மாற்றிக்கொண்டார்.

"வலிக்குதா? நான் பிடிக்கட்டா?"

"நீங்க வேலையைப் பாருங்க தம்பி. பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு இளகிவிட்டது. போகும்போது ரிசப்ஷனில் இவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தார். அந்தக் கையெழுத்துக்கு உதவினாலும் உதவும்.

நான்கு ஐம்பத்தாறு. எழுபத்தொன்பது படம். போன் அடித்தது.

அது பழைய போன். பேச்சு வந்தால் நெட் நின்றுவிடும்.

"வீடுன்னு போட்டிருக்கு," என்றார் பெரியவர்.

"கட் பண்ணுங்க! கட் பண்ணுங்க!"

"வீட்டுலேர்ந்து வந்த போனை யாராவது கட் பண்ணுவாங்களா?" என்று பெரியவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, சொல்லும்மா... தம்பி இங்கதான் இருக்கார்... நல்லா இருக்கார்ம்மா. டீ குடிச்சார்... நீங்க எல்லாம் சௌக்கியமா? குழந்தை என்ன பண்றா?... அப்படியா!... கேக்குல என்ன போடச் சொல்றா?... முயலா?"

இன்ஸ்பெக்டர் பிடுங்கப் போனார். பெரியவர் 'இருங்க, குழந்தை பேசுது' என்று சைகை காட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்ததைப் பார்த்து இன்ஸ்பெக்டரின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. அந்தக் கணம்தான் கெடுத்தது. பிடுங்கிக் கட் செய்து, நெட் திரும்பி, எண்பதாவது படம் பாதி ஏறும்போது திரை வெள்ளையாகியது.

'நேரம் முடிந்தது. திங்கள் காலை 9 மணிக்கு முயலவும்.'

இன்ஸ்பெக்டர் மனைவியைக் கூப்பிட்டார். "நான் வர முடியாதும்மா. ரிப்போர்ட் போகல."

"பரவாயில்லைங்க," என்றாள்.

"அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"நீங்க வர்றீங்கன்னு அவகிட்ட நான் சொல்லவே இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை. அப்பா வராதது வீட்டில் யாருக்கும் செய்தியாகவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப நாளைக்கு இருப்பீங்கல்ல தம்பி?" என்றார் பெரியவர், வயரைச் சுற்றிக்கொண்டே. "காலையில வந்து மறுபடி பார்க்கறேன். முயல் கேக்கு விஷயமும் பேசணும்."

இன்ஸ்பெக்டருக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. மூன்று மாடியும் திட்டிக்கொண்டே இறங்கினார்.

"புகார் புத்தகத்தை எடும்மா!"

ரிசப்ஷன் பெண் எழுந்து நின்றாள். "என்ன சார் ஆச்சு?"

"உங்க நெட் ஆள் மேல புகார். லேப்டாப்பை ஆஃப் பண்ணார். சார்ஜரைப் பிடுங்கினார். ரூம்ல கரண்ட் போச்சு. என் வீட்டுக்காரிகிட்ட அரட்டை அடிச்சு என் பயணத்தையே கெடுத்தார். இரண்டு மணி நேரம்! இந்த மாதிரி ஆளை எல்லாம் எப்படிம்மா வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

"எங்க நெட் ஆள் இன்னும் வரவே இல்லையே சார்."

"பின்ன மேல இருக்கிறது யாரு? பெரியவர். இஸ்திரி சட்டை, கையில வயர், காலில வெள்ளைச் செருப்பு..."

அவள் புகார் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"அவர் முந்நூத்தி எட்டுல தங்கியிருக்கிறவர் சார். பன்னெண்டு நாளா அவர் ரூம்லயும் நெட் வரல. 'யாராவது ஒரு ஆளை அனுப்பும்மா'ன்னு தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார், இன்னிக்குத்தான் பண்ணல."