தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் துணைவியார், மகன், மருமகள் மூவரும் நலம். நானும் நலம் என்று எழுதலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். காய்ச்சல் இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். தாங்கள் தங்கள் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு ஆறு நாள் ஆகிறது. நேரில் வரத் தைரியம் இல்லை. தொலைபேசியில் இரண்டு முறை அழைத்து, தாங்கள் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டவன் நானேதான். வரிசை தவறாமல் சொல்ல வேண்டும் என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே எண்ணிட்டு வைக்கிறேன்.

1. தங்களிடம் மன்னிப்புக் கேட்பது.
2. வண்டி கழுவும் குழாயை நான் எடுத்த காரணம்.
3. பார்வையாளர் புத்தகத்தில் நான் எழுதியதும், அது வாசிக்கப்பட்ட விதமும்.
4. தங்கள் ஏற்றம் உண்மையில் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கம் என்பது. (என்னைப் பற்றி எனக்கு ஆயிரம் சந்தேகம் உண்டு. இதில் மட்டும் இல்லை.)
5. வரும் வியாழக்கிழமைக்குள் தாங்கள் வீடு திரும்ப வேண்டும் என்பது.

முதலாவது: மன்னிக்க வேண்டும். இதை விரிவாக எழுதத் தொடங்கி மூன்று தாள் வீணானதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இரண்டாவது. தங்கள் வீட்டுக்கு நான் வந்த மூன்றாம் நாள் தாங்கள் என்னைத் தங்கள் சுற்றுலா வண்டியின் முன் இருக்கையில் உட்கார வைத்து, பின்னால் பதினான்கு பயணிகளோடு, இந்த ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சாலைக்கு அழைத்துப் போனீர்கள். போகும் பன்னிரண்டு நிமிடமும் உலகத்தின் விசித்திர இடங்களையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். வருடத்தில் ஒரு பருவம் வந்த வழியே திரும்பி ஓடும் ஆறு, ஏரிக்குள் தீவும் தீவுக்குள் ஏரியும் அந்த ஏரிக்குள் இன்னொரு தீவும், நடுக்கூடத்தில் நாட்டு எல்லை ஓடும் நூலகம். "இந்தத் தீவுல ஞாயித்துக்கிழமை, எதிர்த் தீவுல சனிக்கிழமை. நடுவுல நாலு கிலோமீட்டர்கூட இல்ல. மாமியார் வீடு அங்க இருந்துச்சுன்னா கெளம்புன நாளைக்கு மொத நாளே போய்ச் சேந்துடலாம்" என்றபோது பின்னாலிருந்த அம்மாள் ஒருவர், "அவ்வளவு அவசரமா யாருங்க மாமியார் வீட்டுக்குப் போறா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிறகு வெள்ளைக் கோடு வந்தது. தாங்கள் இன்ஜினை நிறுத்தினீர்கள். "இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எங்கேயோ இருக்கு. இது இங்க இருக்கு" என்று கைப்பிரேக்கை விடுவித்தீர்கள். எதிரே மேடாகத் தெரிந்த சாலையில் வண்டி தானாக ஏறிப் போனது. அறுபது மீட்டர். பதினான்கு பேரும் எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாக, நாளொன்றுக்குப் பதினோரு முறை பார்த்த தங்கள் முகத்திலும், அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி. அதைப் பார்த்துதான் சம்பந்தி, மனிதர் மனதார நம்புகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

ஏனென்றால் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. நில அளவைத் துறையில் மட்டம் பார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் ரசமட்டத்துக் குமிழியையே பார்த்துப் பார்த்து, என் தலைக்குள்ளும் ஒரு குமிழி தங்கிவிட்டது. சாப்பாட்டு மேசை அரை விரல் சாய்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. தங்கள் குளியலறைத் தரை, தண்ணீர் போகும் துவாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருப்பதை வந்த நாளிலிருந்து சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன், அதற்கும் மன்னிக்கவும். இரண்டு பக்கமும் மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து, அடிவானம் மறைந்து, பின்னால் பெரிய குன்றும் நின்றுவிட்டால் கண் ஏமாறும். அப்படி ஏமாற்றும் சாலைகள் பல நாடுகளில் உண்டு என்று படித்திருக்கிறேன். படித்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று மாலை முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அதன் விளிம்பு மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அது டீ. குடிக்கிறதுக்கு" என்று என் மகள் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும், பின்கட்டில் சுருட்டி மாட்டியிருந்த வண்டி கழுவும் குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நல்ல வேளையாக அது உள்ளே இருக்கும் தண்ணீர் தெரிகிற குழாய். சற்று மஞ்சள் பாரித்திருந்தாலும் குறையில்லை. இரண்டு முனையிலும் அளவாகச் செதுக்கிய மரக்கட்டை அடைப்புகூட இருந்தது. வண்டி கழுவும் குழாய்க்கே இவ்வளவு ஒழுங்கா என்று தங்களை மனதுக்குள் மெச்சினேன். கொத்தனார்கள் செய்வதுதான்: குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று இரண்டு பக்கமும் அளந்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு முனையை ஒரு கம்பில் கட்டிவிட்டு மறுமுனையோடு நானே ஓடினேன். இருபது மீட்டர் குழாய், அறுபது மீட்டர் சாலை, மூன்று கட்டம். அங்கும் இங்குமாகப் பதினெட்டு நடை. அளவுகோலைத் தரையில் வைத்துப் பார்க்கத் தவழ வேண்டியிருந்தது. அப்போது பால்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"என்ன பெரியவரே, கையில கயிறா பாம்பா?"

"குழாய்ங்க."

"அதுக்கு எதுக்கு நடுரோட்டுல தவழுறீங்க?"

"இடுப்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"எந்த டாக்டர்? எனக்கும் ஆறு மாசமா இடுப்பு புடிச்சிக்கிட்டிருக்கு."

அளவுகோலோடு அப்படியே தவழ்ந்து போய்விட்டேன். மறுநாள் காலை அவரும் பால் ஊற்றி முடித்த பிறகு கொஞ்ச தூரம் தவழ்ந்ததாகக் கேள்வி. அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கொண்டுவந்த அளவுகள்: முதல் கட்டம் முப்பத்தொன்று, இரண்டாவது முப்பது, மூன்றாவது முப்பத்தொன்று. ஆகமொத்தம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கம். குழாயை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, சத்தியமாகச் சொல்கிறேன், யாருக்கும் தெரியாமல் அதோடு மறந்துவிடத்தான் நினைத்தேன்.

மூன்றாவது. அடுத்த நாள் மாலை தாங்கள் பார்வையாளர் புத்தகத்தை என் முன் நீட்டினீர்கள். "சம்பந்தி, படிச்சவர் நீங்க. ரெண்டு வரி எழுதுங்க. நாளைக்குத் தொப்பிக்காரர் வர்றார்" என்றீர்கள். உலகத்து விசித்திர இடங்களையெல்லாம் ஒரு பெரிய புத்தகமாகத் தொகுக்கும் அந்த மனிதரை, தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் ஊரே அப்படித்தான் அழைக்கிறது. அவர் புத்தகத்தில் ஒரு பக்கம் கிடைத்துவிட்டால் இந்தச் சாலைக்கும் அந்தத் தீவுகளோடு சரியாசனம் என்று தாங்கள் இரண்டு வருடமாகக் காத்திருந்ததை அறிவேன். பேனாவைத் திறந்தேன். 'வியப்பாக இருந்தது' என்று எழுதலாம் என்று நினைத்தேன். அது அளவு ஆகாது. 'வண்டி ஏறியது' என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் பிரிவில் குறிப்பேட்டில் மையால் பொய் எழுதினால் வேலை போய்விடும். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் கைக்கு அது தெரியவில்லை. ஆகவே எறும்பு எழுத்தில், ஒரு பக்கத்தின் அடியில், மூன்று கட்டத்து அளவுகளையும் மொத்தத்தையும் எழுதினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். அத்தோடு விட்டிருக்கலாம். எண் இட்ட பக்கங்கள் கொண்ட புத்தகத்தில் பொருளடக்கம் இல்லாதிருந்தது என் கண்ணை உறுத்தியது. முதல் பக்கத்தில் அழகாக ஒரு கட்டம் போட்டு எழுதி வைத்தேன்: 'சாலையின் உண்மையான மட்டம் – பக்கம் 212.' பொருளடக்கத்தில் இருந்தது அந்த ஒரே ஒரு வரிதான்.

மறுநாள் வண்டியில் நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். ஆனால் எதிரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்ததால் முழுக்கப் பார்த்திருக்க மாட்டீர்கள். தொப்பிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். நேராக 212க்குப் போனார். தாங்கள் வெள்ளைக் கோட்டில் இன்ஜினை நிறுத்தி, வண்டி நகரத் தொடங்கிய அதே நேரத்தில் சத்தமாக வாசித்தார். தாங்கள் பிரேக் போட்டீர்கள். பாதி வழியில் வண்டி நின்றது. பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, "அப்போ நாம இப்ப ஏறிக்கிட்டு இருக்கோமா, எறங்கிக்கிட்டு இருக்கோமா?" என்று கேட்டார்.

தொப்பிக்காரர் என்னைப் பார்த்து, "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "கையெழுத்து என்னோடதுங்க. எறக்கம் ரோட்டோடது."

தாங்கள் பயணிகளைச் சாலைச் சந்திப்பில் இறக்கிவிட்டு, வண்டியை வீட்டில் நிறுத்தி, சாவியைச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விட்டீர்கள். தொப்பிக்காரர் மட்டும் போவதற்கு முன் என்னிடம், "வியாழக்கிழமை வரைக்கும் அந்தப் பக்கத்தைக் காலியா வச்சிருக்கேன். ஓட்டுறவர் வந்து அவர் வாயால என்ன சொல்றாரோ அதை எழுதுறேன். அவரே வரலேன்னா வேற ஊரைப் போட்டுக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் இருப்புக் கொள்ளாமல் அலைகிறேன். என் மகள் சோறு போடும்போது தட்டு பேசுகிறது, அவள் பேசுவதில்லை. பேசிய ஒரே வாக்கியம்: "மாமா வராம நீங்க ஊருக்குக் கெளம்பக் கூடாது. ஒரு நாளாவது எதையும் அளக்காம இருக்க முடியாதாப்பா உங்களால?" மாப்பிள்ளையை வண்டி ஓட்டச் சொன்னேன். "என்ன சொல்லி ஓட்டுறது மாமா? ஏறுதுன்னா, எறங்குதுன்னா? நீங்களே சொல்லுங்க" என்கிறார். வண்டி ஆறு நாளாக நிற்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் என்னைப் பார்த்து, "சார், எங்க வீட்டுப் படி ஏறுதா எறங்குதா, கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க" என்கிறார். நான் நின்று படியைப் பார்க்கிறேன். அதுதான் என் வியாதி.

நான்காவதுக்கு விளக்கம் தேவையில்லை. புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிடலாமே என்று நேற்று எடுத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவின் விதி ஒன்று உண்டு: குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தவறான எண் என்றால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் அளந்த இருவரின் சுருக்கொப்பம். சரியான எண்ணை எந்த விதியின்படி அடிப்பது? பேனாவை மூடிவிட்டேன். என் எண்ணத்தில் ஆயிரம் பிழை இருக்கலாம் சம்பந்தி, எண்ணில் இருக்காது.

ஐந்தாவது, வாருங்கள். தங்கள் நம்பிக்கையை உடைத்த பாவி நான். தாங்கள் வந்த மறு பேருந்தில் நான் போய்விடுகிறேன். தொப்பிக்காரரிடம் தாங்கள் ஏறுகிறது என்று சொன்னால், அளந்த கிழவனுக்குக் கண் மங்கல் என்று நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். பேசச் சொல்லாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

தங்கள் அக்காவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். அந்த வீட்டுப் பிள்ளைகள் சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும். தாங்கள் மனம் இறங்க வேண்டும். (இறங்க என்று எழுதியதற்கு மன்னிக்கவும். வேறு சொல் கிடைக்கவில்லை.)

தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை நேற்று ஒட்டுவதற்கு முன் சம்பந்தியம்மாள் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார், வாசித்துக் காட்டினேன். 'தங்கள் நம்பிக்கையை உடைத்த பாவி' என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து போய், தையல் மெஷின் டிராயரிலிருந்து ஒரு பழைய பாக்கெட் நோட்டைக் கொண்டுவந்து போட்டார்.

"வண்டி கழுவ யாராவது உள்ள தண்ணி தெரியிற குழாய் வாங்குவாங்களாண்ணே? அதுக்கு ரெண்டு பக்கமும் தக்கை செதுக்குவாங்களா? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி வண்டி வாங்குன வாரமே அளந்துட்டார். இன்னொரு முனையைப் புடிச்சது நான்தான்."

"அவருக்குத் தெரியுமாம்மா?"

"அன்னிக்கே சொன்னார்: 'கண்ணுக்கு ஏறுது, குழாய்க்கு எறங்குது. வண்டியில வர்றவங்க கண்ணைத்தான் கொண்டு வர்றாங்க, குழாயக் கொண்டு வர்றதில்ல.' அப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசுனதே இல்ல."

"அப்படின்னா எதுக்குக் கோவிச்சிக்கிட்டுப் போனாரு?"

சம்பந்தியம்மாள் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. சாவியைக் கொடுக்கும்போது சொல்லிட்டுப் போனது இதுதான்: 'எழுதுனதுகூடப் பரவாயில்ல. நாலு சென்டிமீட்டர் விட்டுட்டாரு. முப்பத்தி நாலு வருஷம் இந்த மனுஷன் என்னத்தத்தான் அளந்தாரு?'"

தங்கள் நோட்டைத் திறந்தேன். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. மொத்தம் தொண்ணூற்றாறு.

நேற்று நான் தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்று விடிந்ததும் சம்பந்தியம்மாளும் நானும் குழாயோடு போனோம். அவர் ஒரு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததும், நடுக்குழாயிலிருந்து பட்டாணி அளவு காற்றுக் குமிழி ஒன்று மெதுவாக ஏறி வந்து வெளியே போனது. குழாய்க்குள் காற்று தங்கினால் தண்ணீர் மட்டம் பிசகும்; அன்றும் அப்படித்தான் பிசகியிருக்கும். தலைக்குள் குமிழி வைத்திருப்பவன் குழாய்க்குள் இருந்ததைப் பார்க்கவில்லை. மறுபடி அளந்தோம். இரண்டு முறை. பால்காரர் நின்று பார்த்துவிட்டு, இப்போது அம்மாவுக்கும் இடுப்பா என்று கேட்டுப் போனார்.

கடிதத்தைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. விதியும் இடம் கொடுக்காது. மேலே நான்காவது குறிப்பிலும், புத்தகத்தின் 212ஆம் பக்கத்திலும், தொண்ணூற்றிரண்டின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, தொண்ணூற்றாறு என்று எழுதி, என் சுருக்கொப்பத்தை இட்டிருக்கிறேன். பக்கத்தில் இரண்டாவது ஒப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். சம்பந்தியம்மாளைப் போடச் சொன்னேன். முதலில் அளந்தவர் வந்துதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை மாலைப் பேருந்துக்குச் சந்திப்பில் நிற்பேன். மற்ற குறிப்புகள் எப்படியோ தெரியாது, நான்காவது தவறு.