கரடியின் டேங்க் கவர்

ஒரு காட்டில் ரோடு போட வந்தவர்கள் ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தார் வாங்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அந்த ஜல்லி ரோட்டோரம் இருந்த சடையன் என்ற கரடி, சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியது.

எல்லாம் கல்யாணத்துக்காகத்தான். ஆற்றுக்கு அக்கரையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "பையனிடம் நல்ல வண்டி இருக்க வேண்டும். வந்து பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஏற்கெனவே ஐந்து இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஆறு.

முதல் நாளே ஒரு ஜல்லிக்கல் தெறித்து டேங்கில் கடுகளவு பெயின்ட் போனது. கரடி இரண்டு நாள் தேன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நரியின் வண்டி சாமான் கடைக்குப் போனது.

"இன்னும் ஒரு கல்லு பட்டா என் கல்யாணம் போச்சு, தம்பி!"

"கவலைய விடுங்கண்ணே. ஸ்டிக்கர் ஒட்டிடுவோம். அதுக்கு மேல ரெக்சின் கவர். அதுக்கு மேல பிளாஸ்டிக் பை."

"அதுக்கு மேல?"

நரி யோசித்தது. "போர்வை இருக்கா வீட்ல?"

அன்று முதல் வண்டி பொட்டலமாக நின்றது. கரடி நகம் கீறாமல் இருக்கக் கைக்கும் காலுக்கும் சாக்ஸ் போட்டுக்கொண்டு அதைத் துடைக்கும். ஓட்டுவதில்லை. ஓட்டினால்தானே கல் தெறிக்கும்?

பக்கத்து வீட்டுக் கழுதை அய்யாக்கண்ணு ஒருநாள் ஓடி வந்தது. "சடையா, என் வண்டி பஞ்சர். ரேஷன் கார்டுக்குக் குளம்புரேகை வைக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். கொஞ்சம் கொண்டுபோய் விடேன்."

"தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்க குளம்பு சைலன்ஸர்ல பட்டா கோடு விழுந்துடும்."

கழுதை நடந்தே போனது. வரிசையில் அதற்கு முன்னால் நாற்பது முயல்கள். முறை வருவதற்குள் ரேஷன் ஆபீஸ் உடும்பு ஜன்னலைச் சாத்திவிட்டது. கார்டில் கழுதையின் பெயர் போனது. கழுதைகள் மறப்பதில்லை, உதைக்க நேரம் பார்க்கும்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். பெண் பொன்னரசியும் வந்தது.

"மாப்பிள்ளை, வண்டியைக் காட்டுங்க."

கரடி போர்வையை எடுத்தது. பிளாஸ்டிக் பையை எடுத்தது. ரெக்சின் கவரை உருவியது. உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் சளக்கென்று கொட்டியது. கவருக்குள் புகுந்த ஜல்லித்தூள், கரடி மேலே துடைக்கத் துடைக்க மாதக்கணக்கில் அரைத்து, டேங்க் முழுக்கத் தேமல் பூத்திருந்தது. கரடி ஸ்டிக்கரை உரித்தது. மிச்சப் பெயின்ட்டும் அதோடு வந்தது.

கரடி தலையில் கை வைத்து உட்கார்ந்தது. ஆறு.

பெண்ணின் அப்பா வண்டியைப் பார்க்கவில்லை. கவரைத் தடவிப் பார்த்தார். "தையல் பிரியவே இல்லையே! எங்க வீட்ல டிவி ரிமோட் வாங்கி எட்டு வருஷம். இன்னும் பை பிரிக்கல. நீங்க நம்ம ஆளு, மாப்பிள்ளை!"

கழுதை வேலிக்கு அந்தப்புறம் நின்று, "வெளங்கிடும்" என்றது.

பெண்ணைக் கேட்டார்கள். பொன்னரசி சொன்னது: "எனக்குச் சம்மதம். இவர் நாள் பூரா வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருப்பார். என்னை எங்க போற, எப்ப வருவன்னு கேக்க நேரம் இருக்காது."

கல்யாணம் நடந்தது. டேங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மேலே இரண்டு கவர் போட்டார்கள். ஒன்று மாமனார் சீர். ஹெட்லைட் மட்டும் அழகுக்காகத் திறந்திருந்தது.

மறுவாரம் பொன்னரசி கழுதை வீட்டுக்கு வந்தது. "அண்ணே, சந்தைக்குப் போகணும். எங்க வண்டி வெளிய வராது. உங்க வண்டி கெடைக்குமா?"

கழுதை உடனே சாவியை நீட்டியது. "தாராளமா எடுத்துக்கம்மா. உங்க வாசல்ல மட்டும் நல்லா முறுக்கிட்டுப் போ. என் வண்டிக்கு அப்பத்தான் வேகம் பிடிக்கும்."

பொன்னரசி முறுக்கியது. பின்சக்கரம் ஜல்லியை வாரி இறைத்தது.

"டங்!" என்றது ஹெட்லைட். கரடி சாக்ஸோடு ஓடி வந்தது. பொன்னரசி திரும்பிப் பார்க்கவில்லை.

நீதி: கல்லுக்குப் பயந்து வண்டியை மூடு, தப்பில்லை, பக்கத்து வீட்டுக்காரனை மட்டும் வண்டியில் ஏற்றிவிடு. கல் தானாகத் தெறிப்பது கொஞ்சம்தான்.