கருத்தக்கண்ணனும் இரண்டு லிட்டர் மருந்தும்

இதில் ஒரு சொல்கூடக் கயிறு திரித்ததல்ல. திருப்பரங்குன்றம் மலை சாட்சி. மலையே சாட்சிக்கு வந்தபிறகு மனிதர்கள் சந்தேகப்படுவது அழகல்ல.

"வாய் வழியாத்தானே குழாய் விடுவீக?" என்று கருத்தக்கண்ணன் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"அது இரைப்பை பாக்குற டெஸ்ட்டுண்ணே. இது பெருங்குடல். கீழ இருந்துதான்" என்றாள் நர்ஸ் டயானா, அவளும் மூன்றாவது முறையாக.

கப்பலூரில் முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவர், எத்தனையோ இரும்பில் துளை போட்டவர், நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை அவர் வெளியே வந்ததும் கக்கூஸைக் கழுவப்போன மனைவி ராமக்காள், ஓரத்தில் நாலு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டாள். கண்ணாடி போடாமல் தன் கால்விரலையே எண்ணமுடியாத மனிதர், அதைப் பார்த்தேன் என்பாரா, இல்லை என்பாரா? டாக்டரோ, "மூலமாவும் இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். உள்ள பாத்துட்டா நிம்மதி" என்றார். அந்த 'வேற எதுவாவும்' கருத்தக்கண்ணனின் சோற்றையும் தூக்கத்தையும் சேர்த்துத் தின்றது. மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

துணைக்கு வந்திருந்தவன் ராமக்காளின் தம்பி அழகுபாண்டி. மினி வேன் ஓட்டுகிறவன். இரண்டு மாதமாக அக்கா வீட்டில்தான் ஜாகை.

"சிஸ்டர், குழாய் எம்புட்டு தடிமன்?" என்றான்.

"சுண்டுவிரல் அளவுதான்."

"வலிக்குமா?"

"காத்து ஊதுறப்ப வயிறு உப்புன மாதிரி இருக்கும். வேணும்னா மயக்க ஊசி உண்டு."

"எல்லாரும் பாப்பாகளா? துணி போத்துவீகளா?"

"மாப்ள, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வெசாரிக்காதடா!" என்று பல்லைக் கடித்தார் கருத்தக்கண்ணன்.

டயானா ஒரு தாளைக் கொடுத்தாள். "நாளைக்குக் கஞ்சித்தண்ணி, இளநீர் மட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு இந்தப் பொடிய ரெண்டு லிட்டர் தண்ணியில கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர் குடிங்க. அப்புறம் வீட்டைவிட்டு நகரக்கூடாது."

மறுநாள் தெருவே கேட்டது: வேலைக்கும் போகவில்லை, சோறும் தின்னவில்லை, என்ன சங்கதி?

"பௌர்ணமி விரதம்னு சொல்லிரு மச்சான்" என்றான் அழகுபாண்டி. சொன்னார்.

ஐந்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தி ஜெயக்கொடி, வேட்டி துண்டோடு இறங்கினார். கருத்தக்கண்ணன் அப்போது நான்காவது டம்ளரில் இருந்தார்.

"விரதமாமே சம்பந்தி! மலையைச் சுத்தாட்டி பலன் பாதிதான். கிளம்புங்க, நானும் வாரேன்."

"வயிறு கொஞ்சம்..."

"வெறும் வயித்தோடதான் சுத்தணும்!"

வயிற்றைக் காலி பண்ணும் வேலைதான் உள்ளே மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் பெண் கொடுத்த இடம். முதல்முதலாக ஒன்று கேட்கிறார். மறுத்தால் மகள் அங்கே பேச்சு வாங்குவாள்.

"வேகமா நடந்தா வெரசா முடிஞ்சிரும் மச்சான்" என்று காதில் ஓதினான் அழகுபாண்டி, மிச்ச மருந்தைத் தண்ணீர்க் கேனில் தூக்கிக்கொண்டு.

கால்வாசி தூரத்தில் வயிற்றுக்குள் லேத் ஓட ஆரம்பித்தது. அரைவாசியில் அவர் உடம்பு உதறியது, விழி மேலே செருகியது, பற்கள் நறநறத்தன. திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

"சாமி வந்திருச்சுடோய்!" என்று எவனோ கத்தினான்.

கூட்டம் விலகியது. ஒருத்தி ஓடிவந்து அவர் காலில் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். இன்னொருத்தி கற்பூரத் தட்டோடு குறுக்கே விழுந்தாள்.

"சாமி, எம் மகளுக்கு எப்ப வரன் அமையும்?"

"இப்பவே! இப்பவே! வழிய விடு தாயி!"

மலையைச் சுற்றி முடிப்பதற்குள் சாமி ஏழு வீடுகளுக்குள் புகுந்து புறப்பட்டது. முதல் வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். நான்காவது வீட்டுக்காரர்கள் புல்லரித்தார்கள். ஏழாவது வீட்டில் கோலம் போட்டு, பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு வைத்துக் காத்திருந்தார்கள். ஜெயக்கொடி ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "உங்க வீட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும் சம்பந்தி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடிந்ததும் ஆரப்பாளையம் பக்கத்து ஆஸ்பத்திரி. முதுகுப்பக்கம் நாடா மட்டும் கட்டிய பச்சை அங்கியில் கருத்தக்கண்ணன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். சாமி இறங்கி, பயம் ஏறியிருந்தது.

"மாப்ள, எதாச்சும் இருந்துச்சுன்னா... அக்காளைப் பாத்துக்கடா."

இத்தனை நாளாகக் கேலி பேசிய அழகுபாண்டி மச்சானின் கையைப் பிடித்தான். அவன் கைதான் அதிகமாகச் சில்லிட்டிருந்தது.

உள்ளே கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி வேண்டாமென்று விட்டதால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் தன் குடலைத் தானே பார்த்தார். புதுசாக வெள்ளையடித்த சத்திரம்போலச் சுத்தமாக இருந்தது.

"காத்த அடக்காதீங்கண்ணே, விட்டாத்தான் வயிறு லேசாகும்" என்றாள் டயானா. ஐம்பத்தாறு வருஷ மரியாதையைக் கருத்தக்கண்ணன் அந்த அறையிலேயே விட்டார்.

டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். "புண்ணு இல்ல, கட்டி இல்ல, மூலம்கூட இல்ல. ரத்தம் வர இங்க இடமே இல்லையே!"

"நான் எங் கண்ணால பாத்தேன் டாக்டர்!" ராமக்காள் அழுதேவிட்டாள். "இவுகளும் எந் தம்பியும் தவிர அந்த வீட்டுல வேற ஆம்பளையே கெடையாது!"

கதவோரம் நின்ற அழகுபாண்டி தொண்டையைச் செருமினான்.

"மச்சான், நெசமாவே வலிக்கலைல்ல? அப்ப எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்க டாக்டர். அந்த ரத்தம் என்னுது."