சாக்ஸுக்குள் இரண்டு அங்குலம்

குள்ளமாக இருப்பதில் ஒரு குறையும் கிடையாது, பெண் பார்க்கக் கிளம்பும்வரை. பஸ்ஸில் தலை இடிக்காது, பேன்ட் தைத்தால் துணி மிச்சம். ஆனால் கல்யாணத் தரகர் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போதும், அதுவரை மனிதனாக இருந்தவன் வெறும் அடியும் அங்குலமுமாகிவிடுகிறான்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். (மூன்றே கால் என்று நான் சண்டை போட்ட காலமும் உண்டு.) எண்பதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு பெண் வீட்டார், "பையன் தங்கம்தான், ஆனா கொஞ்சம் கட்டை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகத் தரகர் நீட்டிய போட்டோவைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டேன். நெமிலிச்சேரி வசந்தி! காலை லோக்கலில் லேடீஸ் பெட்டியிலிருந்து அம்பத்தூரில் இறங்கி, சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு போகிறவள். மாதக்கணக்கில் தூர நின்று பார்த்தே நான் உருகிக்கொண்டிருந்த அதே பெண். அவள் உயரம் ஐந்தடி ஐந்து.

"பையன் அஞ்சடி ஆறுன்னு சொல்லிட்டேன். நீ பாத்துக்கப்பா" என்று தரகர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எதைப் பார்த்துக்கொள்வது? கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீள, நான் என்ன புடலங்காயா?

என் சிநேகிதன் குமார் பூந்தமல்லிப் பக்கம் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தான். அவனிடம் போய் அழுதேன்.

"இன்னா மாமே, இதுக்குப் போயா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றவன், மறுநாள் ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் மெத்தை, ஒரு ஜோடி இன்சோல் கொண்டுவந்தான். குதிகால் பக்கம் இரண்டு அங்குலத் தடிமன், விரல் பக்கம் வரவரச் சரிவு, நடுவில் பாதக்குழிக்கு ஒரு மேடு. "கால் நோவுக்காரங்களுக்கு வெளிநாட்டுல இத்தத்தான் வைக்கிறாங்க. பாதத்துக்கும் சப்போர்ட்டு, ஒனக்கும் ஒயரம்."

போட்டு நின்றேன். நிஜமாகவே சுகமாக இருந்தது. கண்ணாடியில் என் தலை மேல் சட்டத்தைத் தொட்டது. அப்போதுதான் உறைத்தது.

"டேய், பொண்ணு ஊட்டு வாசல்ல ஷூவைக் கழட்டணுமேடா!"

குமார் என் காலைத் தட்டிக் காட்டினான். "ஷூ உள்ள எதுக்கு வைக்கிற? சாக்ஸ் உள்ள வையி."

அந்த நிமிடம் எனக்கு அவன் பெரிய விஞ்ஞானியாகத் தெரிந்தான். புத்தி எப்போது போகக் கூடாதோ அப்போதுதான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் அக்காவும் நெமிலிச்சேரிக்குப் போனோம். இன்சோல் விஷயம் அவர்களுக்குத் தெரியாது. குதிகாலை மறைக்க, வழக்கொழிந்துபோன பெல்பாட்டம் பேன்ட்டைத் தேடி எடுத்துப் போட்டிருந்தேன். வாசலில் ஷூவைக் கழற்றினேன். உயரம் குறையவில்லை! ஆனால் நாங்கள் வருகிறோம் என்று சிமெண்டுத் தரையை அப்போதுதான் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தார்கள். நானோ நைலான் சாக்ஸ். முதல் அடியிலேயே இடது இன்சோல் லேசாக நகர்ந்தது. சுவரைப் பிடிக்காமல், பல்லைக் காட்டிக்கொண்டே போய் நாற்காலியில் விழுந்தேன்.

வசந்தி காபி கொண்டுவந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அடக்கமான பையன் என்று அவள் அப்பா நினைத்தாராம்.) அந்த நேரம் பார்த்து என் அக்கா வாயைத் திறந்தாள்.

"ஒரு நட நடந்து காட்டும்மா."

பெண்ணுக்குக் காலில் ஊனம் இருக்கிறதா என்று பார்க்க அப்படிக் கேட்பது அப்போது சாதாரணம். வசந்தி முகம் இறுகிவிட்டது. ஆனாலும் புழக்கடைக் கதவுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவள் அப்பா எழுந்து என் கையைப் பிடித்தார். மரியாதைக்கு நானும் எழுந்தேன். இடது இன்சோல் சர்ரென்று வழுக்கிக் கணுக்காலுக்கு ஏறியது. வலது கால் ஐந்தடி ஐந்து, இடது கால் ஐந்தடி மூன்று. சாய்ந்தபடியே இரண்டடி வைத்தேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த வசந்தியின் அத்தை வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "இன்னாங்க இது, மாப்ள கால விந்துறாரு?"

அக்கா காபி டம்ளரை டங்கென்று கீழே வைத்தாள்.

"யாரு விந்துறது? எந்தம்பி காலு ரெண்டும் கல்லாட்டம் கீது!" அக்கா சீறினாள். "நட்றா! நடந்து காட்றா!"

அடிப்பாவி அக்கா!

"வேணாங்க, வுடுங்க" என்றார் வசந்தியின் அப்பா, பெரிய மனதுடன். அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து வசந்தி குரல் வந்தது. "நான் நடந்தேன்ல? அவரும் நடக்கட்டும்."

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் ஓடுவது? நொண்டி என்று இந்தப் பெண்ணை இழப்பதா, குள்ளன் என்று இழப்பதா? ஓரடி வைத்தேன். இரண்டாவது அடியில் சாக்ஸின் மேல்வாய் வழியாக இன்சோல் பிதுங்கி, அத்தையின் காலடியில் போய் விழுந்தது.

அவள் அதைச் செத்த எலி போல இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தாள். "இது இன்னா?"

"ஒயரத்துக்குங்க." எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "நான் அஞ்சடி மூணுங்க. காலு ரெண்டும் நல்லாத்தான் கீதுங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்யிலயே ஆரம்பிச்சா குடும்பம் வெளங்குமா?" அத்தை இன்சோலை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். வசந்தியின் அப்பாவும் "தரகர் வேற மாதிரி சொன்னாரே" என்று இழுத்தார். எல்லாம் போயிற்று என்று ஷூவைத் தேடினேன்.

"அத்தே, இரு" என்று வசந்தி முன்னால் வந்தாள். "இவரு ஒயரம் எனக்குத் தெரியும். டெய்லி ஸ்டேஷன்ல கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுகினு, என்னை எம்பி எம்பிப் பாப்பாரு. தரகர் போட்டோ காட்டினப்பவே இவருதான்னு புரிஞ்சிடுச்சி, குள்ளம்னு தெரிஞ்சிதான் வரச் சொன்னேன். கால் நொண்டியோன்னு இப்பதான் பயந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். குனிந்துதான் பார்த்தாள். "அந்த இன்னொன்னையும் கழட்டிட்டு, வெறுங்காலோட ஒரு நட நடங்க."

புழக்கடைக் கதவுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். ஒரு வயதில் நடை பழகியபோதுகூட அத்தனை ஜாக்கிரதையாக நடந்திருக்க மாட்டேன்.

"ம்" என்றாள். அதுதான் சம்மதம்.

போன வருஷம் எங்கள் பெண்ணைப் பார்க்க ஒரு பையன் வந்தான். ஆறடி இருப்பான். காபி குடித்து முடித்ததும் வசந்தி, "தம்பி, சாக்ஸைக் கழட்டிட்டு ஒரு நட நடங்க" என்றாள். அவன் திருதிருவென்று விழித்தான். "எங்க ஊட்டு வழக்கம்பா, மாப்ளதான் நடக்கணும்" என்று என் அக்காவே அவனுக்கு விளக்கினாள். பையன் நல்லவன், எதிர்த்துப் பேசாமல் நடந்தான். இப்போது அவன்தான் எங்கள் மாப்பிள்ளை. அந்த வழக்கம் எப்படி வந்தது என்று யார் சொன்னார்களோ தெரியாது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண் முதலில் என் காலுக்குத்தான் போகிறது.